தரங்கம்பாடியில் சீகன்பால்குவின் தொடக்க நாள்கள் (1706–1709): தமிழ் மாணவராக ஒரு மறைப்பணியாளர்

ஆய்வுச்சுருக்கம்

பார்த்தலோமேயு சீகன்பால்கு (1682–1719) தமிழ் அச்சு வரலாற்றிலும் விவிலிய மொழிபெயர்ப்பு வரலாற்றிலும் நிலைத்த இடம் பெற்றவர். அவரைப் பற்றிய தமிழ் நூல்கள் பெரும்பாலும் 1713க்குப் பிந்தைய அச்சகப் பணியையும் 1714–1715இல் வெளிவந்த புதிய ஏற்பாட்டையுமே முன்னிறுத்துகின்றன. அச்சகத்துக்கு முற்பட்ட மூன்று ஆண்டுகள் முன்னுரைச் செய்தியாகவே கடந்து செல்லப்படுகின்றன. இக்கட்டுரை அவ்வாண்டுகளை மையமாகக் கொள்கிறது. கரையிறங்கிய நாளில் எதிர்கொண்ட புறக்கணிப்பு, மணலில் எழுத்துப் பயின்ற முறை, அவருக்குக் கற்பித்த தமிழாசிரியர்கள், சுவடித் தொகுப்பு, தமிழர் பற்றி அவர் கொண்டிருந்த எண்ணத்தில் நேர்ந்த மாற்றம் ஆகியன ஆராயப்படுகின்றன. அவருடைய பிற்காலப் புலமையின் அடித்தளம் தமிழ்ப் பள்ளிக்கூடப் பாடமுறையே என்பதும், அப்புலமையை உருவாக்கியதில் தமிழாசிரியர்களின் பங்கு உரிய அளவில் மதிப்பிடப்படவில்லை என்பதும் இக்கட்டுரையின் முடிபுகள்.

திறவுச்சொற்கள்: சீகன்பால்கு, தரங்கம்பாடி, திண்ணைப்பள்ளி, அழகப்பன், சுவடித் தொகுப்பு, நீதிநூல்கள், மொழிபெயர்ப்பு.

முன்னுரை

தமிழகத்துக்கு வந்த ஐரோப்பிய மறைப்பணியாளர்களை அவர்தம் நூல்களைக் கொண்டே நாம் மதிப்பிட்டு வருகிறோம். அன்றிக்கு அடிகளார் என்றால் 1578இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம். வீரமாமுனிவர் என்றால் தேம்பாவணியும் சதுரகராதியும். கால்டுவெல் என்றால் ஒப்பிலக்கணம். நூலை முடிந்த முடிபாகக் கொண்டு ஆசிரியரைப் பின்னோக்கிப் பார்க்கும் இம்முறையில் ஓர் இடர்ப்பாடு உண்டு. ஒரு சொல்லும் அறியாதவராக வந்திறங்கியவர் நூல் செய்யும் நிலையை எய்தியது எவ்வாறு, எவரிடம் கற்று, எதனைக் கற்று என்னும் வினாக்கள் விடுபட்டுப் போகின்றன. கற்றவரின் பெயர் நிலைபெறுகிறது. கற்பித்தவரின் பெயர் மறைகிறது.

சீகன்பால்குவைப் பொறுத்தவரை இவ்வினாக்களுக்கு விடை காண வழியுண்டு. அவர் தம் முதல் ஆண்டுகளிலேயே ஐரோப்பாவுக்கு நீண்ட மடல்களை எழுதினார். அவை செருமனியில் உடனுக்குடன் அச்சேறின. 1709இல் இலண்டனில் ஆங்கிலத்திலும் வெளிவந்தன. அவற்றின் வழியாகவும், அவர் தொகுத்த சுவடிப் பட்டியலின் வழியாகவும் அவருடைய தொடக்க நாள்களை ஓரளவு தெளிவாக அறிய இயலுகிறது. அம்மடல்கள் ஐரோப்பிய நன்கொடையாளரை நோக்கி எழுதப்பட்டவை என்பதை நினைவிற்கொண்டே அவற்றைப் பயன்படுத்தவேண்டும். தம் இடர்களைச் சற்று மிகுத்தும் தம் வெற்றிகளைச் சற்று உயர்த்தியும் கூறும் இயல்பு அத்தகைய மடல்களுக்கு உண்டு.

பிறப்பும் பயணமும்

சீகன்பால்கு சாக்சனி நாட்டின் புல்சுனிட்சு என்னும் சிற்றூரில் 1682இல் பிறந்தார். தந்தையார் தானிய வணிகர். இளமையிலேயே தாய் தந்தை இருவரையும் இழந்தார். கோர்லிட்சிலும் பெர்லினிலும் பயின்றபின் ஆல்லே பல்கலைக்கழகத்தை அடைந்தார். அந்நாளில் ஆல்லே நகரம் பக்தி இயக்கத்தின் தலைமையிடமாக விளங்கியது. ஏதிலார் இல்லமும் பள்ளிகளும் நிறுவிய ஆகஸ்டு எர்மன் பிராங்கே அங்கே பேராசிரியராக இருந்தார். சடங்கு முறையினும் அகத்தூய்மையையும் கல்வியையும் தொண்டையும் முதன்மையாகக் கொண்ட அவ்வியக்கம் சீகன்பால்குவின் வாழ்வை வடிவமைத்தது. ஆயினும் உடல்நலக் குறைவால் அவர் தம் பல்கலைக்கழகப் படிப்பை முழுமையாகத் தொடர இயலவில்லை.

டென்மார்க்கு மன்னர் நான்காம் பிரடெரிக்கு, தம் ஆட்சிக்குட்பட்ட கடல்கடந்த பகுதிகளுக்கு மறைப்பணியாளரை அனுப்ப விழைந்தார். அரண்மனைக் குருவான லூட்கன்சு என்பாரிடம் தக்கவரைத் தேடும் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. டென்மார்க்கில் முன்வந்தார் இலர். பெர்லின் நண்பர்கள் வழியாகச் சீகன்பால்குவும் அவரினும் மூத்தவரான புளூட்சோவும் தெரிவாயினர். இருவரும் 1705 நவம்பர் 11ஆம் நாள் கோபன்ஏகனில் குருப்பட்டம் பெற்று, அம்மாத இறுதியிலேயே சோபியா எட்விக்கு என்னும் கப்பலில் புறப்பட்டனர். ஏழு மாதங்களுக்கு மேல் நீண்ட அப்பயணம் நன்னம்பிக்கை முனை வழியாக அமைந்தது. 1706 சூலை 9ஆம் நாள் அவர்கள் தரங்கம்பாடியில் கால் வைத்தபோது சீகன்பால்குவுக்கு 24 அகவை நிறைவுறும் தறுவாய். தமிழ் கற்பதற்கான எவ்வகைப் பயிற்சியும் அவருக்கு ஐரோப்பாவில் தரப்பட்டிருக்கவில்லை.

1706ஆம் ஆண்டுத் தரங்கம்பாடி

சீகன்பால்கு வந்திறங்கிய ஊர் ஐரோப்பியர் உருவாக்கிய ஊரன்று. மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்து மாசிலாமணிநாதர் கோயில் கடலோரத்தில் நின்றது. சடங்கன்பாடி என்றும் குலசேகரன்பட்டினம் என்றும் கல்வெட்டு சுட்டும் பழைய துறைமுகம் அது. 1620இல் தஞ்சை நாயக்க மன்னர் இரகுநாதரோடு செய்துகொண்ட உடன்படிக்கையின்படி டேனியர் அங்கே குடியேறி, டான்சுபோர்க்கு என்னும் கோட்டையைக் கட்டினர். 1706இல் தஞ்சையில் மராத்திய மன்னர் சகசி ஆட்சி செய்தார். டேனியர் அவருக்கு ஆண்டுதோறும் திறை செலுத்தியே அந்நிலத்தில் இருந்தனர்.

ஊருக்குள் பல சமயத்தாரும் பல மொழியினரும் வாழ்ந்தனர். சைவ, வைணவக் கோயில்கள், பள்ளிவாசல், கத்தோலிக்கத் திருக்கோயில் ஆகியவற்றோடு டேனியர்க்குரிய சீயோன் ஆலயமும் இருந்தது. சீயோன் ஆலயம் 1701இல் எழுப்பப்பட்டது. ஐரோப்பியரும் அவர்தம் வீட்டு ஏவலரும் ஒருவரோடொருவர் பேசுவதற்குச் சிதைந்த போர்த்துக்கீசியம் பொதுமொழியாகப் பயன்பட்டது. ஊர்மக்களின் மொழியோ தமிழ். ஐரோப்பியர் அதனை மலபார் மொழி என்றே வழங்கினர். ஆகவே வந்தவர் முன் இருவழிகள் இருந்தன. போர்த்துக்கீசியத்தைக் கற்றால் ஐரோப்பியரின் அடிமைகளோடும் ஏவலரோடும் உரையாடலாம். தமிழைக் கற்றால்தான் ஊரோடு உரையாட முடியும்.

கரையிறங்கிய நாள்

கோட்டைத் தலைவராக இருந்தவர் ஆசியசு என்பார். அவர் டேனியக் கிழக்கிந்தியக் கும்பெனியின் அலுவலர். வந்த இருவருமோ மன்னரின் ஆணையோடு வந்தவர்கள். கும்பெனியின் இயக்குநர்கள் இப்பணியை விரும்பவில்லை. சமயப் பரப்புரையால் உள்ளூர் மக்களோடும் தஞ்சை அரசோடும் உள்ள உறவு கெடும் என்றும், வணிகத்துக்கு ஊறு நேரும் என்றும் அவர்கள் அஞ்சினர். மன்னருக்கும் கும்பெனிக்கும் இடையிலான இம்முரண்பாட்டின் சுமை வந்திறங்கிய இரு இளைஞர் மீது விழுந்தது.

அன்று அவர்கள் நெடுநேரம் காக்க வைக்கப்பட்டனர். பின்னர் வந்த கோட்டைத் தலைவர் அவர்கள் வந்த நோக்கத்தைக் கடுமையாக வினவினார். தம்மால் செய்யத்தக்கது ஏதுமில்லை என்னும் பொருள்பட மறுமொழி தந்தார். இறுதியில் அவர்கள் கடைத்தெருவில் விடப்பட்டனர். தங்குமிடம் எது, உணவுக்கு வழி எது என்று அறியாது நின்ற அவர்களுக்குக் கும்பெனி ஊழியர் ஒருவரின் இரக்கத்தால் ஒரு வீட்டில் இடம் கிடைத்தது. மன்னரின் முத்திரையிட்ட ஆணையைக் கொண்டிருந்தவர்களுக்கு அந்த ஆணை கடலுக்கு இப்பால் எவ்வளவு எளியது என்பது முதல் நாளிலேயே புலப்பட்டது.

இந்நிகழ்ச்சி மறைப்பணி வரலாறுகளில் துன்பப்பட்ட தொண்டரின் சான்றாக எடுத்துரைக்கப்படுவது வழக்கம். ஆய்வு நோக்கில் அதற்கு வேறொரு பொருளும் உண்டு. கோட்டை அவர்களை வரவேற்றிருந்தால், கோட்டைக்குள் தங்கி, கும்பெனியின் மொழிபெயர்ப்பாளர் வழியாகப் பேசி, ஐரோப்பியரிடையே மட்டும் பழகும் வாழ்க்கை அவர்களுக்கு எளிதாக வாய்த்திருக்கும். கோட்டை கைவிட்டமையால் ஊரே அவர்களுக்குப் புகலிடமாயிற்று. தமிழ் கற்காமல் வாழ இயலாத நிலை முதல் வாரத்திலேயே உருவாகிவிட்டது.

மணலில் எழுத்து

இருவரும் பணியைப் பகிர்ந்துகொண்டனர். புளூட்சோ போர்த்துக்கீசியத்தையும் சீகன்பால்கு தமிழையும் பொறுப்பேற்றனர். தமிழ் கற்பதற்குச் சீகன்பால்கு கண்ட வழி எளியது. ஏறத்தாழ 70 அகவை நிரம்பிய பள்ளி ஆசிரியர் ஒருவரை அணுகி, அவருடைய பள்ளியையே தாம் தங்கிய வீட்டில் நடத்துமாறு கேட்டுக்கொண்டார். ஆசிரியரும் மாணாக்கரோடு வந்தார். சிறுவர்கள் தரையில் அமர்ந்து மணலைப் பரப்பி, எழுத்தின் பெயரை உரக்கச் சொல்லிக்கொண்டே விரலால் வரைந்தனர். பல்கலைக்கழகத்தில் பயின்ற குருவானவரும் அவர்களோடு அமர்ந்து அவ்வாறே வரைந்தார்.

தமிழ்நாட்டுத் திண்ணைப்பள்ளிகளில் எழுத்தறிவு இவ்வாறே தொடங்கியது. கண்ணால் கண்டும், வாயால் சொல்லியும், காதால் கேட்டும், விரலால் வரைந்தும் எழுத்து உள்ளத்தில் பதியும் முறை அது. மணலில் கைதேர்ந்தபின் ஓலையும் எழுத்தாணியும் கைக்கு வரும். அதன்பின் ஆத்திசூடி, கொன்றைவேந்தன், உலகநீதி முதலிய நீதிநூல்கள் மனப்பாடமாக ஓதப்படும். பொருள் பின்னரே விளக்கப்படும்.

இம்முறையின் சிறப்பும் குறையும் சீகன்பால்குவுக்கு விரைவில் தெரிந்தன. ஒலிப்பும் எழுத்தும் கைவந்தன. ஆனால் முதிய ஆசிரியருக்குப் போர்த்துக்கீசியமோ வேறு ஐரோப்பிய மொழியோ தெரியாது. மாணவருக்கோ தமிழ் தெரியாது. வாசிக்க வந்தது, பொருள் வரவில்லை. இவ்விடத்தில்தான் இரண்டாம் ஆசிரியர் தேவைப்பட்டார்.

அழகப்பன்

கும்பெனியில் மொழிபெயர்ப்பாளராகப் பணிபுரிந்த அழகப்பன் போர்த்துக்கீசியத்தோடு டேனியம், டச்சு, செருமானியம் ஆகியவற்றிலும் பழக்கம் உடையவர். ஐரோப்பிய மடல்களில் அவர் பெயர் அலெப்பா எனத் திரிந்து காணப்படுகிறது. சீகன்பால்கு அவரை ஊதியத்துக்கு அமர்த்திக்கொண்டார். இரண்டு ஆண்டுக் காலம் அழகப்பன் அவருக்குச் சொற்பொருள் கூறினார், வழக்காறுகளை விளக்கினார், ஊர்மக்களின் சமயக் கருத்துகளை எடுத்துரைத்தார். முதியவரிடம் எழுத்தும் ஓதலும் பெற்ற சீகன்பால்கு அழகப்பனிடம் பொருளும் உரையாடலும் பெற்றார். ஏறத்தாழ எட்டு மாதங்களில் தமிழில் படிக்கவும் எழுதவும் பேசவும் தாம் தேறியதாக அவர் எழுதியுள்ளார்.

அழகப்பனின் பங்கு சொற்பொருள் கூறுவதோடு நிற்கவில்லை. ஐரோப்பியர் கருத்து ஒன்றைத் தமிழில் எவ்வாறு கூறலாம், கூறினால் கேட்போர் எவ்வாறு கொள்வர் என்பதை அறிந்து சொல்லக்கூடியவர் அன்று அவர் ஒருவரே. அதற்குரிய விலையையும் அவர் கொடுத்தார். கோட்டைத் தலைமைக்கும் மறைப்பணியாளருக்கும் இடையே பகை முற்றியபோது அழகப்பன் தரங்கம்பாடியை விட்டு வெளியேற நேர்ந்தது. ஐரோப்பியரான சீகன்பால்குவுக்கு ஆல்லேயிலும் கோபன்ஏகனிலும் பரிந்துபேச ஆள் இருந்தனர். அழகப்பனுக்காகப் பேசுவார் எவருமில்லை. பின்னாளில் 1712 முதல் 1714 வரை தமிழரிடமிருந்து மறைப்பணியாளர் பெற்று மொழிபெயர்த்து அனுப்பிய மடல்களுள் பல அழகப்பன் எழுதியவையாக இருக்கலாம் என ஆய்வாளர் சிலர் கருதுவது இங்கு எண்ணத்தக்கது.

முதிய ஆசிரியரின் நிலை வேறு. அவர் தம் சமயத்தில் உறுதியாக நின்றவர். சீகன்பால்கு அவரோடு நாள்தோறும் சமய உரையாடல் நிகழ்த்தினார். ஆசிரியர் ஒருநாள் கிறித்தவராவார் என்று மாணவர் நம்பியிருந்தார். இம்மாணவர் ஒருநாள் தமிழராகிவிடுவார் என்று ஆசிரியரும் அதே நம்பிக்கையோடு இருந்தார் என்பதை மடல்களிலிருந்து அறியமுடிகின்றது. இருவர் எண்ணமும் முழுமையாக நிறைவேறவில்லை. ஆயினும் ஆசிரியரின் எண்ணம் ஓரளவு பலித்தது என்பதைச் சீகன்பால்குவின் பிற்கால நூல்கள் காட்டுகின்றன. புலமை வாய்ந்த கணபதி வாத்தியார் என்னும் இளைஞர் 1709இல் எதிர்ப்புகளுக்கிடையே திருமுழுக்குப் பெற்றதும் இப்பள்ளிச் சூழலின் தொடர்ச்சியே.

சொல்லும் சுவடியும்

சீகன்பால்குவின் கற்றல் முறை ஒழுங்கானது. காலையில் முந்தைய நாள் எழுதிய சொற்களை மீள ஓதுவார். பின்னர்ப் புலவர் ஒருவரும் எழுத்தர் ஒருவரும் உடனிருக்க, முன்பு படித்திராத சுவடி ஒன்றை வாசிப்பார். புதிய சொல் வரும்போதெல்லாம் எழுத்தர் குறித்துக்கொள்வார். பொருள் விளங்காத இடத்தில் புலவர் விளக்குவார். பிற்பகலிலும் இரவிலும் இவ்வாசிப்புத் தொடரும். கண் களைத்த வேளையில் பிறர் வாசிக்கக் கேட்பார். தமிழ்ச்சொல், அதன் ஒலிப்பு, செருமானியப் பொருள் என அடைவுபடுத்திய சொற்றொகுதி 1708 அளவில் 20,000 சொற்களை எட்டியது. 1712 அளவில் 40,000 ஆகப் பெருகியது. செய்யுள் வழக்குச் சொற்களுக்குத் தனித்தொகுதி ஒன்றும் உருவாயிற்று.

வாசிப்பதற்குச் சுவடிகள் வேண்டும். எழுத்தர்களை உள்நாட்டு ஊர்களுக்கு அனுப்பினார். கற்றோர் இறந்தபின் அவர்தம் மனைவியர் சுவடிகளைக் குறைந்த விலைக்கு விற்றனர். கிடைக்காதவற்றைப் படியெடுக்கச் செய்தார். முன்னரே தமிழில் நூல்கள் செய்திருந்த கத்தோலிக்கக் குருமாரின் ஏடுகளும் அவர் கைக்கு வந்தன. கிறித்தவப் பொருளைத் தமிழில் கூறும் சொல்வளத்தை அவர் அவற்றிலிருந்து பெற்றார். கடவுளைக் குறிக்க அவர் ஆண்ட சருவேசுரன் என்னும் சொல் கத்தோலிக்க மரபிலிருந்து வந்ததே. கொள்கையளவில் தாம் கடுமையாக எதிர்த்தவர்களிடமே அவர் சொற்கடன் பட்டார்.

1708இல் தம்மிடமிருந்த சுவடிகளுக்கு அவர் ஒரு விளக்கப் பட்டியல் அமைத்தார். அதில் தமிழர் இயற்றிய சைவ, வைணவ, சமண, நீதி, இலக்கண, மருத்துவ நூல்களாக 119 இடம்பெற்றன. தொல்காப்பியமும் திருக்குறளும் சிவவாக்கியமும் அவற்றுள் அடங்கும். தமிழ்நாட்டில் அக்காலத்துப் பள்ளிகளிலும் புலவர் வீடுகளிலும் எவையெவை படிக்கப்பட்டன என்பதற்கு அப்பட்டியல் அரிய சான்று. பதிப்பாசிரியர்கள் சங்க நூல்களை அச்சேற்றுவதற்கு ஏறத்தாழ 180 ஆண்டுகளுக்கு முன்பு, இரண்டாண்டுத் தமிழறிவு மட்டுமே உடைய வெளிநாட்டார் ஒருவர் இதனைச் செய்தார். உடனிருந்த புலவர்கள் இன்றி இது கைகூடியிராது.

எண்ண மாற்றம்

வந்த புதிதில் சீகன்பால்குவின் எண்ணம் ஐரோப்பியப் பொது எண்ணமாகவே இருந்தது. தமிழரிடம் கல்வியும் ஒழுக்கநெறியும் இல்லை என்றே அவரும் கருதியிருந்தார். தொடக்க ஆண்டுகளில் ஒரு முறை வழியில் கண்ட சுடுமண் உருவங்கள் சிலவற்றை அவர் உடைத்ததும் உண்டு. அவை தெய்வங்கள் அல்ல, தெய்வத்துக்குக் காவலாக நிற்கும் வீரர்களே என்று உடனிருந்த தமிழ்ப்புலவர் அவருக்கு விளக்கினார். பிறர் வழிபாட்டைப் புண்படுத்திய இச்செயலை அவரே மடலில் குறித்துள்ளார். அவரைப் போற்றுவோர் இதனை மறைப்பதும், தூற்றுவோர் இதனையே முழுமையாகக் காட்டுவதும் வரலாற்று நெறியாகா. அறியாது உடைத்த கையும் அறிந்து தொகுத்த கையும் ஒருவருடையனவே.

நூல்கள் அவரை மாற்றின. 1708இல் அவர் நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகிய மூன்றையும் செருமானியத்தில் பெயர்த்தார். அம்மொழிபெயர்ப்பின் முன்னுரையில், தமிழரை நாகரிகமற்றவர் என ஐரோப்பியர் எண்ணுவதற்குக் காரணம் அவர்தம் மொழியையும் நூல்களையும் அறியாமையே என்று கூறுகிறார். தாமும் முதலில் அவ்வாறே எண்ணியிருந்ததையும், மொழி கற்று நூல்களைப் படித்தபின் அவ்வெண்ணம் நீங்கியதையும் வெளிப்படையாக ஒப்புகிறார்.

இங்கு மொழிபெயர்ப்புக்கு அவர் தெரிந்தெடுத்த நூல்கள் கவனத்துக்குரியன. கொன்றைவேந்தனும் உலகநீதியும் பள்ளிச் சிறுவர் ஓதிய பாடங்கள். அரிய தத்துவ நூலையோ பெருங்காப்பியத்தையோ அவர் முதலில் எடுத்துக்கொள்ளவில்லை. சிறுவர்களோடு மணலில் அமர்ந்து கற்றவர், அச்சிறுவர்கள் அடுத்துக் கற்றவற்றையே தாமும் கற்று, அவற்றையே தம் நாட்டாருக்கு எடுத்துக்காட்டினார். திண்ணைப்பள்ளியின் பாடவரிசையே அவருடைய மொழிபெயர்ப்பு வரிசைக்கு முதலாயிற்று எனலாம். சிறுவர்க்கு ஓதும் நூலிலேயே இத்தகைய அறம் இருக்குமாயின், அம்மக்களை ஒழுக்கமற்றவர் எனக் கூறுவது பொருந்துமா என்னும் வினாவை அத்தெரிவு ஐரோப்பியர் முன் வைத்தது.

ஐரோப்பா அவ்வினாவை அன்று ஏற்கவில்லை. நீதிநூல் மொழிபெயர்ப்பு 1930இல்தான் ஆம்சுடர்டாமில் காலண்டு என்பாரால் பதிப்பிக்கப்பட்டது. 1713இல் அவர் எழுதி முடித்த தென்னிந்தியத் தெய்வங்களின் வழிமுறை பற்றிய நூல் 1867இல்தான் சென்னையில் கெர்மனின் முயற்சியால் வெளிவந்தது. பிறர் சமயத்தை ஒழிக்கச் சென்றவர் அதனைப் பற்றி ஐரோப்பாவில் பரப்புதல் தகாது என்பது பிராங்கேயின் நிலைப்பாடு. தம்மை அனுப்பியவர்கள் விரும்பியதைக் காட்டிலும் மிகுதியாகச் சீகன்பால்கு கற்றுவிட்டார் என்பதே இதன் பொருள்.

எதிர்ப்பும் சிறையும்

1707 மே 5ஆம் நாள் முதன்முதலாக ஐவர் திருமுழுக்குப் பெற்றனர். அவர்கள் டேனியரின் வீட்டு அடிமைகள். ஆகஸ்டு 14ஆம் நாள் புதிய எருசலேம் என்னும் சிறு ஆலயம் அருட்பொழிவு செய்யப்பட்டது. தமிழிலும் போர்த்துக்கீசியத்திலும் அங்கே வழிபாடு நடைபெற்றது. அவ்வாண்டிலேயே பள்ளிகளும் தொடங்கின. அடிமைகளுக்குப் போதிப்பதும், ஆதரவற்றோர் சார்பில் முறையிடுவதும் ஐரோப்பிய உரிமையாளர்களுக்கு உவப்பாக இல்லை. கைம்பெண் ஒருத்தியின் வழக்கில் சீகன்பால்கு தலையிட்டதைத் தொடர்ந்து கோட்டைத் தலைவருடனான பூசல் முற்றியது. 1708 நவம்பர் 19ஆம் நாள் அவர் டான்சுபோர்க்குக் கோட்டையில் சிறைவைக்கப்பட்டார்.

புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பை அவர் தொடங்கியது 1708 அக்டோபர் 17ஆம் நாள். தொடங்கி ஒரு மாதமே ஆன நிலையில் பணி தடைப்பட்டது. எழுதுகோலும் மையும் முதலில் மறுக்கப்பட்டன. பின்னர் அவை கிடைத்தபோது செருமானியத்தில் இரு நூல்களை எழுதினார். ஏறத்தாழ நான்கு மாதங்களுக்குப் பின், 1709 மார்ச்சு 26ஆம் நாள் விடுதலை பெற்றார். அவ்வாண்டில் கிரண்ட்லர் முதலிய புதிய பணியாளர்கள் வந்து சேர்ந்தனர். தனித்து நின்ற தொடக்கக் காலம் அத்துடன் முடிவுற்றது. மொழிபெயர்ப்பு 1711 மார்ச்சு 31இல் நிறைவெய்தியது.

தொடக்க நாள்களின் பயன்

சீகன்பால்குவின் தமிழ் குறையற்றதன்று. வீரமாமுனிவர் 1728இல் இயற்றிய வேதவிளக்கத்தில் தரங்கம்பாடியாரின் தமிழைக் கடுமையாக எள்ளினார். பின்வந்த சீர்திருத்தச் சபையாரும் அம்மொழிபெயர்ப்பைத் திருத்தவே செய்தனர். ஆனால் அத்தமிழ் எங்கிருந்து வந்தது என்பதை நோக்கின் அதன் இயல்பு விளங்கும். பள்ளி ஆசிரியரின் ஓதுமுறை, மொழிபெயர்ப்பாளரின் பேச்சுவழக்கு, கத்தோலிக்க ஏடுகளின் வடசொற் கலப்பு, கடற்கரை ஊரின் தெருமொழி ஆகிய நான்கும் கலந்தது அது. புலவர் நடையைப் பின்னர் அறிந்திருந்தும், ஊரார் கேட்டுப் புரிந்துகொள்ளும் நடையையே அவர் மறைநூலுக்குத் தெரிந்தெடுத்தார். 1716இல் ஆல்லேயில் அச்சான அவருடைய இலத்தீன் வழித் தமிழ் இலக்கணமும் நாள்வழக்கு மொழியையே முதன்மையாக விளக்கியது. தொடக்கத்தில் கற்ற மொழிவகை அவர் பணியின் இறுதிவரை நின்றது.

1719 பிப்ரவரி 23ஆம் நாள், தம் 36ஆம் அகவையில் அவர் தரங்கம்பாடியில் மறைந்தார். 1718இல் நிறைவெய்திய புதிய எருசலேம் ஆலயத்துள் அடக்கம் செய்யப்பட்டார். தமிழகத்தில் அவர் வாழ்ந்த காலம், இடையில் ஐரோப்பா சென்று மீண்ட காலத்தை நீக்கினால், ஏறத்தாழ 11 ஆண்டுகளே. அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இக்கட்டுரை ஆராய்ந்த தொடக்கக் காலம்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வின்வழிப் பின்வரும் முடிபுகள் பெறப்படுகின்றன. கோட்டையின் புறக்கணிப்பு சீகன்பால்குவை ஊர்மக்களிடம் சேர்த்தது. அதுவே அவரைத் தமிழ் மாணவராக்கியது. அவர் கற்றது ஐரோப்பிய இலக்கண முறையில் அன்று. மணல், ஓலை, நீதிநூல், உரை என்னும் தமிழ்ப் பள்ளி முறையில். அவருடைய முதல் மொழிபெயர்ப்புகளும் சுவடிப் பட்டியலும் அம்முறையின் தடத்தை வெளிப்படையாகக் காட்டுகின்றன. தமிழர் பற்றிய அவருடைய எண்ண மாற்றம் தமிழ்நூல் வாசிப்பின் விளைவு.

இவற்றினும் முதன்மையான முடிபு ஒன்றுண்டு. ஐரோப்பியர் தமிழ்த்தொண்டு என்னும் தலைப்பில் நாம் எழுதிவரும் வரலாறு பாதி வரலாறே. முதிய பள்ளி ஆசிரியர், அழகப்பன், கணபதி வாத்தியார், நாள்தோறும் உடனிருந்து பொருள் சொன்ன புலவர், சொற்களைக் குறித்த எழுத்தர் ஆகியோரின் பணி அத்தொண்டின் மறுபாதி. முதிய ஆசிரியரை நாம் அவர் அகவையால் மட்டுமே குறிக்க வேண்டியிருப்பது அவ்வரலாற்றின் குறைக்குச் சான்று. ஆல்லேயில் பிராங்கே நிறுவனங்களின் காப்பகத்திலுள்ள மடல்களையும் ஏடுகளையும் தமிழறிஞர்கள் தமிழாசிரியர்களைத் தேடும் நோக்கில் மீண்டும் படிப்பார்களாயின், தமிழ்க் கல்வி வரலாற்றில் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கம் புதிய தெளிவு பெறும். மணலில் எழுதிய மாணவரின் வரலாறு கிடைத்திருக்கிறது. அவர் விரலைப் பிடித்து எழுதுவித்தவர்களின் வரலாறு இனி எழுதப்படவேண்டும்.